மூலமும் திருத்தமும்: நிழற்படச் சேமிப்பில் ஓர் அறவினா

ஒரு நிழற்படத்தைத் திருத்துதல் வேறு. திருத்திய படத்தைச் சேமித்தல் வேறு. முன்னதில் நாம் ஒரு கருத்தைத் தெரிவிக்கின்றோம். வானம் இன்னுஞ் சற்று இருண்டிருத்தல் வேண்டும், ஓரத்தில் நிற்கும் மின்கம்பம் வேண்டியதில்லை, முகத்தில் விழுந்த நிழல் நீங்கினால் நன்று என்றவாறு அமையும் அக்கருத்தை மறுகணமே மாற்றிக்கொள்ளவும் கூடும். பின்னதிலோ அக்கருத்துக்கு ஒரு நிலைபேற்றை அளிக்கின்றோம். கணினியிற் படங்களைக் கையாள்வோர் நாள்தோறும் எண்ணிப்பாராது செய்யும் இவ்விரண்டாவது செயலிலேயே அறவியல் சார்ந்த வினா ஒன்று மறைந்து கிடக்கின்றது. திருத்திய படம் மூலப்படத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாமா, அன்றி அதன் அருகே நிற்றல் வேண்டுமா என்பதே அவ்வினா. நிழற்படங்களின் மெய்ம்மை பொய்ம்மை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். இக்கட்டுரை அதனைப் பெரிதுந் தொடவில்லை. பொய்யுரைக்கும் நோக்கம் சிறிதும் இன்றி, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் திருத்தத்திலும் ஒரு தவறு நேரக்கூடும் என்பதும், அத்தவறு திருத்தத்தில் அன்றிச் சேமிப்பிலேயே உள்ளது என்பதுமே இங்கு ஆராயப்படுகின்றன.

இதனைத் தெளிவுற நோக்குவதற்குச் சேமிப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஓரளவேனும் அறிதல் அவசியம். கணினியிலுள்ள படம் சிறு புள்ளிகளால் ஆயது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிறத்தைக் குறிக்கும் எண்கள் உண்டு. படத்தைத் திறந்து, வெட்டி, நிறம் மாற்றி, அதே பெயரிற் சேமித்தால் பழைய எண்களின் இடத்திற் புதிய எண்கள் அமர்கின்றன. வெட்டப்பட்ட பகுதிக்குரிய எண்கள் கோப்பிலே இல்லாதொழிகின்றன. மிகப் பரவலாக வழங்கும் ஜேபெக் வடிவத்தில், கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் நுண்விபரங்கள் சில கைவிடப்படுவதால், நாம் தொடாத பகுதியுங்கூடச் சிறிது தேய்கின்றது.

இதற்கு மாறான முறையும் உண்டு. அடோபி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட லைற்றூம் போன்ற மென்பொருள்கள் மூலக்கோப்பிலுள்ள படத்தைத் தொடுவதேயில்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டுக, இடப்புறத்தில் இவ்வளவு வெட்டுக என்னுங் கட்டளைகளை மாத்திரம் அவை தமக்குரிய தரவுத்தளம் ஒன்றில் எழுதிவைக்கின்றன. திரையில் நாம் காண்பது, மூலத்தை வாசித்து அக்கட்டளைகளை அவ்வப்போது நிறைவேற்றுவதன் விளைவேயாகும். கட்டளைகளை நீக்கினால் மூலம் அப்படியே வெளிப்படும். கூகிள் நிறுவனம் 2016இற் கைவிட்ட பிக்காசா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. திருத்தங்களை அது படங்கள் இருக்கும் கோப்புறையிலேயே ஒரு சிறு கோப்பிற் குறித்துக்கொண்டது. பாவனையாளர் சேமிக்குமாறு பணித்தாற் புதிய படத்தை எழுதி, மூலத்தை மறைவான உட்கோப்புறை ஒன்றினுள் ஒதுக்கிவைத்தது. அத்தகைய கோப்புறை ஒன்று இருப்பதையே அறியாத ஒருவர் தம் படங்களை இறுவட்டிற்குப் பிரதிசெய்யும்போது மூலங்கள் பின்தங்கிவிடுதல் எளிது.

மீட்டல் என்னுஞ் சொல்லும் இங்கு இருபொருள் தருவது. மூலத்தை மீட்டல் ஒன்று; திருத்தத்தை மீட்டல் மற்றொன்று. லைற்றூமின் தரவுத்தளம் பழுதுற்றால் மூலங்கள் எஞ்சும். ஆனால் திருத்தியவரின் பல மாத உழைப்புப் போய்விடும். மூலங்கள் அழிந்தாற் கட்டளைகள் எஞ்சும். ஆனால் அவை மூலநூல் மறைந்தபின் தனித்து நிற்கும் உரையை ஒத்தவை. அம்மென்பொருள் அவ்வப்போது எடுத்துவைக்கும் காப்புப்பிரதியில் அத்தரவுத்தளம் மாத்திரமே அடங்கும், படங்கள் அடங்கா என்பதை இழப்பு நேர்ந்தபின் அறிந்து வருந்தியோர் பலர். கட்டளைகளைப் படத்தின் அருகே தனிக் கோப்பாக எழுதிவைக்கவும் வழியுண்டு. ஆயினும் அக்கோப்பில் இறுதி நிலை மாத்திரமே பதிவாகும். திருத்தியவர் எம்முடிவுக்கு வந்தார் என்பதை அது கூறும். எவ்வழியாக வந்தார் என்பதைக் கூறாது. மேலும், ஒரு மென்பொருளின் கட்டளைமொழி இன்னொன்றுக்கு விளங்குவதில்லை. அப்பிள் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அப்பேச்சர் 2015இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டபோது, அதனை நம்பியிருந்தோர் தம் மூலங்களை வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. திருத்தங்கள் யாவற்றையும் திருத்தங்களாகவே எங்கும் கொண்டுசெல்ல முடியவில்லை.

இவற்றையெல்லாம் நான் கற்றது ஓர் இழப்பின் பின்னரேயாகும். எங்கள் குடும்பத்தில் 1960களில் எடுக்கப்பட்ட திருமணப் படம் ஒன்று இருந்தது. பெரியப்பா கதிரையில் அமர்ந்திருக்க, அவருடைய தங்கை, எனக்கு மாமி முறையானவர், பின்னே நின்று கதிரையின் முதுகிற் கைவைத்திருப்பார். வேறும் நால்வர் அருகே நின்றனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அப்படம் ஒரு பொலித்தீன் பையினுள் எங்களோடு வந்தது. ஈரம்பட்டு அதன் மேற்பரப்பு உரியத் தொடங்கியிருந்த நிலையில், 2003இல் அதனை ஸ்கான் செய்து கணினியிற் சேர்த்தேன். கணினியில் உள்ளது என்ற துணிவிற் காகிதப்படியைப் பேணுவதில் எவரும் அக்கறை கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் அது சிதைந்துபோயிற்று.

2011இற் பெரியப்பா காலமானார். அந்தியேட்டியன்று வெளியிடும் கல்வெட்டுக்கு அவருடைய முகப்படம் ஒன்று வேண்டியிருந்தது. தேசிய அடையாள அட்டையிலிருந்த படம் மிகவும் மங்கியிருந்தமையால் திருமணப் படத்தைத் திறந்தேன். ஏனையோரை வெட்டினேன். மாமியின் விரல்கள் மாத்திரம் பெரியப்பாவின் தோளருகே எஞ்சி நின்றன. அவற்றின்மேற் சுவரின் நிறத்தை இட்டு நிரப்பினேன். அச்சகத்தார் மறுநாட் காலையிற் படத்தைக் கேட்டிருந்தனர். அதே பெயரிற் சேமித்து அனுப்பிவிட்டேன். படம் நன்றாக அமைந்ததென்று பலரும் கூறினர்.

2019இல் மாமியின் மகள், எனக்கு மச்சாள், கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். தம் தாயார் நிற்கும் கலியாணப் படம் ஒன்று எங்களிடம் இருப்பதாக யாரோ கூறக் கேட்டிருந்தார். மாமி இளவயதிலேயே இறந்தவர். தாயின் முகம் மச்சாளின் நினைவில் இல்லை. அவர்கள் வீட்டுப் படங்கள் யாவும் வீட்டோடு போயின. நான் மீட்பு மென்பொருள்கள் சிலவற்றை முயன்று பார்த்தேன். நீக்கப்பட்ட கோப்பு ஒன்றின் தரவு, அதன் இடத்தை வேறொன்று பிடிக்கும்வரை வன்தட்டிற் கிடக்கக்கூடும் என்பது உண்மையே. எட்டு ஆண்டுகள் இடையறாது பாவித்த வன்தட்டில் அவ்வாறு கிடந்தது ஒன்றுமில்லை.

நான் செய்த தவறு யாது என்பதைப் பலமுறை சிந்தித்துள்ளேன். பொய் எதனையும் கூறவில்லை. கல்வெட்டின் முகப்பில் இறந்தவர் தனியே காணப்படுதல் முறையானதே. அங்கு மாமியின் விரல்களுக்கு இடமில்லை. ஆகவே வெட்டியதிலோ விரல்களை மறைத்ததிலோ தவறு இல்லை. அதே பெயரிற் சேமித்தபோது நான் என்னை அறியாமலே ஒரு தீர்ப்பை வழங்கிவிட்டேன். இன்றிரவு எனக்குத் தேவையானது எதுவோ, அதுவே இனி எவருக்கும் எக்காலத்துந் தேவையானது என்பதே அத்தீர்ப்பு. அதனை வழங்கும் அதிகாரம் எனக்கு இருக்கவில்லை. வாயால் அவ்வாறு கூறியிருப்பின் அதன் அகந்தை எனக்கே விளங்கியிருக்கும். விசையொன்றை அழுத்தியமையால் விளங்கவில்லை.

மூலம் உண்மை, திருத்தம் அதற்குக் குறைந்தது, ஆதலால் மூலத்தைப் பேணுதல் வேண்டும் என்று சிலர் காரணங் கூறுவர். இக்காரணம் வலுவுடையதன்று. கமராவிலிருந்து நேரே வரும் படமும் ஒரு விளக்கமே. இன்றைய கைத்தொலைபேசிகள் பல, ஒரே கணத்தில் எடுத்த பல பதிவுகளை இணைத்து, ஒளியைச் சமன்செய்த பின்னரே ஒரு படத்தை நமக்குத் தருகின்றன. அமெரிக்க நிழற்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ் இளமையிற் பியானோ பயின்றவர். நெகற்றிவை இசைக்குறிப்புக்கும், அச்சுப்படியை அக்குறிப்பை வாசித்துக்காட்டுதலுக்கும் அவர் ஒப்பிட்டார். நியூ மெக்சிக்கோவில் ஹெர்னாண்டெஸ் என்னுஞ் சிற்றூரின்மேல் நிலவு எழும் காட்சியை அவர் 1941இற் படமெடுத்தார். அந்த ஒரே நெகற்றிவிலிருந்து பல தசாப்தங்களாக அச்சுப்படிகளை அவர் ஆக்கிவந்தார். முன்னைய படிகளில் வானம் சாம்பல் நிறமாக, மேகங்களோடு உள்ளது. பின்னையவற்றில் ஏறத்தாழக் கறுப்பாகி நிலவை ஓங்கச் செய்கின்றது. எதனை உண்மையான படம் என்பது? அவை அனைத்தும் ஒரு மூலத்தின் விளக்கங்களே. ஒரு விளக்கம் மற்றொன்றின் வாயிலை அடைக்கவில்லை. எனினும் 1948இல், நிலப்பகுதி மங்கலாக இருந்தமையால், நெகற்றிவின் அப்பகுதியையே இரசாயன முறையாற் செறிவூட்ட அவர் துணிந்தார். இது திரும்பிவர இயலாத செயல். தம் படத்தில், விளைவை நன்கறிந்து, அஞ்சியஞ்சிச் செய்த செயல் என்றே அதனைக் கொள்ளவேண்டும். விடியுமுன் அச்சகத்துக்கு அனுப்பும் அவசரத்திற் செய்த என் செயலை அதனோடு ஒருங்கு வைத்தல் தகாது.

ஆகவே மூலத்தின் மதிப்பு அது உண்மையாயிருத்தலில் இல்லை. நமது நோக்கத்தினும் விரிந்ததாயிருத்தலிலேயே உள்ளது. சைவசித்தாந்தம் பயின்றோர் இவ்விடத்துச் சற்காரியவாதத்தை நினைவுகூர்வர். காரியம் தோன்றுமுன்னரே காரணத்தில் உள்ளது என்பது அக்கொள்கை. பெரியப்பாவின் முகப்படம் திருமணப் படத்தில் ஏலவே இருந்தது. மாமியின் முகப்படமும் அவ்வாறே இருந்தது. எவரும் இதுவரை கேளாத வேறு படங்களும் இருந்தன. கல்வெட்டுப் படத்திலிருந்தோ திருமணப் படத்தை வருவித்தல் இயலாது. உவமை முற்றும் பொருந்துவதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். விரல்களின்மேல் நான் இட்ட சுவர் அவ்விடத்தில் என்றும் இருந்ததன்று. திருத்தங்களுள் உள்ளதைத் தெரிந்தெடுப்பவையும் உண்டு, இல்லாததைச் சேர்ப்பவையும் உண்டு. செயற்கை நுண்ணறிவால் வெற்றிடங்களை நிரப்பும் வசதி 2023இற் போட்டோஷொப்பில் அறிமுகமானதன் பின் பிந்திய வகை மிகவும் எளிதாகிவிட்டது.

தமிழ் பயில்வோர்க்கு இந்நெறி புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடுகளிற் கண்ட வேறுபாடுகளுள் ஒன்றைத் தெரிந்து மூலத்தில் அமைத்ததோடு நின்றுவிடாமல், ஏனையவற்றைப் பிரதிபேதங்களாகவுங் காட்டினார். தெரிவு செய்யாமற் பதிப்பு இல்லை. ஆனால் தாம் கைவிட்ட பாடத்தையும் வாசகன் கையில் ஒப்படைப்பவரே நல்ல பதிப்பாசிரியர். தம் தெரிவு பிழையாக இருக்கக்கூடும் என்ற பணிவு அதில் உண்டு. தமக்குப் பின் வருவோர் தாம் கேளாத வினாவைக் கேட்பர் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. கட்டளைகளைத் தனியே எழுதி மூலத்தைத் தொடாது விடும் மென்பொருளில் இப்பணிவு பொறியின் அமைப்பாகவே ஆக்கப்பட்டுள்ளது எனலாம். பயன்படுத்துவோர் பலர் அதனைப் பணிவாகக் கருதுவதில்லை, வசதியாகவே கருதுகின்றனர்.

எனின், யாவற்றையும் எக்காலத்தும் மீட்கத்தக்கதாக வைத்திருத்தலே அறம் என்று துணிந்துவிடலாமா? நம் நோக்கத்தினும் மிகுந்ததைக் கொண்டிருத்தல் மூலத்தின் மதிப்பு. அதுவே அதன் அபாயமுமாகும். 2023 மார்ச்சில் வெளிப்பட்ட ஒரு குறை இதற்குச் சான்று. கூகிள் நிறுவனத்தின் பிக்ஸல் தொலைபேசிகளிற் படங்களை வெட்டுவதற்கு மார்க்கப் என்னுங் கருவி இருந்தது. வெட்டிய சிறுபடத்தை அது பழைய கோப்பின்மேல் எழுதியது. ஆனால் கோப்பின் நீளத்தைக் குறைக்கவில்லை. இதனாற் பழைய படத்தின் பின்பகுதி புதியதன் வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வங்கி அட்டை இலக்கத்தையோ முகவரியையோ வெட்டியகற்றிவிட்டதாக நம்பித் திரைப்பிடிப்பை அனுப்பியவர்களின் இரகசியங்கள் அவ்வாலிலிருந்து மீட்கத்தக்கனவாயின. விண்டோஸ் 11இலுள்ள வெட்டுங் கருவியிலும் இத்தகைய குறையே கண்டறியப்பட்டது. என் செயலையும் இதனையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, இரண்டும் ஒரே தவறு என்பது புலனாகும். நான் ஒதுக்கிவைப்பதாக எண்ணி அழித்தேன். அவர்கள் அழித்ததாக எண்ணி ஒதுக்கிவைத்தனர். சேமிப்பு என்னுஞ் செயல் தான் செய்வது இன்னதெனச் செய்பவனுக்கு உரைக்கவில்லை. ஆகவே மீட்கத்தக்கதா அன்றா என்பதற்கும் முந்திய வினா ஒன்று உண்டு. அழிப்பவன் அழிப்பதை அறிந்து அழிக்கின்றானா என்பதே அது.

அறிந்து அழித்தலிலும் வேறுபாடு காணல் வேண்டும். மொஸ்கோ-வோல்கா கால்வாயருகே ஸ்டாலினோடு நடந்த நிக்கலாய் யெசோவ் 1940இற் கொல்லப்பட்டபின், அவருடைய உருவம் அப்படத்திலிருந்து நீக்கப்பட்டு, அவ்விடத்தில் நீர் வரையப்பட்டது. இன்று நாம் அதனை அறிவது முந்திய படிகள் வேறிடங்களில் எஞ்சியமையாலேயே. இது அதிகாரம் செய்த அழிப்பு. ஆனால் அதே காலத்தில், கலைஞர் ரொட்சென்கோ தாம் வடிவமைத்த உஸ்பெகிஸ்தான் பற்றிய நூலின் தம் சொந்தப் பிரதியில், கைதானோரின் முகங்களை மையால் மறைத்தார். அத்தகைய முகத்தை வீட்டில் வைத்திருத்தலே உயிருக்கு ஆபத்தாயிருந்த காலம் அது. அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சோதனைக்கு அஞ்சிப் பிள்ளைகளின் படங்களை எரித்தவர்களும் மண்ணிற் புதைத்தவர்களும் நம் நாட்டிலும் உள்ளனர். அவர்களிடம் சென்று மூலத்தைப் பேணுங் கடமை பற்றிப் பேசுபவன் எதையும் அறியாதவனாவான்.

இவற்றிலிருந்து நான் கொள்ளும் கருத்து இதுவே. படக்கோப்பை வைத்திருப்பவர் அதன் பொறுப்பாளரேயன்றி, அதிற் காணப்படுவோர் அனைவருக்கும் உரிமையாளர் அல்லர். மீளமுடியாதவாறு அழிக்கும் உரிமை படத்தில் உள்ளவருக்கும் அதனால் ஆபத்துக்குள்ளாகக் கூடியவருக்குமே முதன்மையாக உரியது. தன் படத்தை நீக்குமாறு ஒருவர் வேண்டினால், மறைவான கோப்புறையில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு நீக்கிவிட்டேன் என்று கூறுதல் ஏமாற்றாகும். ஒரே படத்தில் நிற்கும் இருவருள் ஒருவர் நீக்கவும் மற்றவர் பேணவும் வேண்டின் என் செய்வது? அச்சமே காரணமாயின் அஞ்சுபவர் பக்கம் சாய்வேன். வெறும் விருப்பமாயின், வெளியிடும் படத்தில் நீக்கி மூலத்தை அவ்விருவரும் அறியப் பேணுவேன். இத்தீர்வு எல்லார்க்கும் அமையும் என்று கூறவியலாது. இறந்தவரோ எதனையும் வேண்டுவதில்லை. அவர் சார்பில் எவரேனும் வந்து கேட்கும் நாள்வரை காத்திருப்பதைத் தவிரப் பொறுப்பாளருக்கு வேறு வழியில்லை. மாமியின் விடயத்தில் அந்நாள் வந்தது. என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

பெரியப்பாவினதும் மச்சாளினதும் முகங்களைக் கொண்டு, செயற்கை நுண்ணறிவால் மாமிக்கு ஒரு முகத்தை ஆக்குவிக்கலாம் என்று உறவினர் ஒருவர் அண்மையிற் கூறினார். மச்சாள் உடன்படவில்லை. அம்மாவின் கை இருந்த இடம் தெரிகின்றதா என்று மாத்திரம் கேட்டார். கல்வெட்டின் பிரதியொன்றை அவருக்கு அனுப்பினேன். உற்று நோக்கினால், பெரியப்பாவின் தோளருகே சுவரின் நிறம் ஓரிடத்திற் சற்று வேறுபட்டிருப்பது தெரியும்.